ஆலமரம் தேடிய மாட்டுப் பொங்கல்

1

இந்தத் தையோடு நான் சிங்கப்பூரை விட்டுக் கோவில்பதாகைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் இரண்டு ஆண்டுகள் எங்கே இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் சென்னை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆவடிக்குப் பக்கம், ஏரிக்கு இந்தப் புறம், மாடு கட்டியிருக்கும் வீடு என்று விவரமாகவே சொல்கிறேன். எங்கள் தெருவில் மாடு கட்டியிருக்கும் வீடு இது ஒன்றுதான். தபால்காரருக்குக் கதவு எண்ணைவிட அந்த அடையாளம்தான் உதவுகிறது.

"பன்னிரண்டாவது மாடியில் வளர்ந்தவள் மாடு வளர்க்கிறாயா?" என்று அங்கிருந்து தோழிகள் இன்னும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பவர் என் மாமியார். இரண்டு மாடு, ஏழெட்டு ஆடு, எண்ணும்போதெல்லாம் வேறு எண்ணிக்கை காட்டும் கோழிகள், பின்பக்கம் நான்கு பாத்தி கீரை எல்லாம் அவர் ராஜ்ஜியம். நான் பக்கத்தில் நின்று உதவுபவள், அதுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. அந்தக் கையுறையால் எதிர்வீட்டு மல்லிகா அக்கா எனக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்.

இந்த முறை அந்த ராஜ்ஜியம் என் தலையில் விழுந்தது. பொங்கலுக்கு முந்திய வாரம் நாத்தனாருக்குப் பிரசவம் என்று திருத்தணியிலிருந்து அழைப்பு வந்தது. அத்தை கிளம்பினார். இங்கே செவலையும் நிறைமாதம். செவலை எங்கள் சிவப்புப் பசு. அதே வாரத்தில் இரண்டு ஆடு குட்டி போட்டிருந்தது. கீரை அறுப்புக்கு வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுப் பொங்கல்.

மாட்டுப் பொங்கல் என்றால் எங்கள் வீட்டில் எங்கள் பொங்கல் மட்டும் இல்லை. தெரு முழுவதும் எங்கள் கொட்டகைக்கு வரும். ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போடுவார்கள். சொந்த ஊரை விட்டு வந்து அடுக்ககங்களில் இருப்பவர்களும் இப்போது பிள்ளைகளுக்கு மாடு காட்ட வந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் கூட்ட எத்தனை நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்! இங்கே யாரும் விண்ணப்பிக்கவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவும் வழியில்லை.

ஆட்டோவில் ஏறியபின் அத்தை தலையை வெளியே நீட்டிச் சொன்னது ஒன்றுதான்.

"மத்ததெல்லாம் நீ பாத்துக்குவ கண்ணு. செவல போட்டுதுன்னா எளங்கொடிய மட்டும் வுட்றாத. மாடு திங்கக் கூடாது, நாய் காக்கா வாய வெக்கக் கூடாது. கோணில கட்டி ஆலமரத்துல மாட்டிரு. நம்ம மரந்தான் மழையில சாஞ்சிடுச்சி. வேற எதுனா ஆலமரமா பாரு."

இளங்கொடி என்பது கன்றுக்குப் பின்னால் வெளியே வரும் நஞ்சுக்கொடி. அதைச் சாக்கில் கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிட்டால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது இங்குள்ள வழக்கம். ஆலமரம்தான் அதற்கு உகந்தது. நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நானே என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் என் பொறுப்பில் இருந்தபோது இது தவறிப்போய், நாளைக்குச் செவலையின் பால் ஒரு படி குறைந்தால், யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம். சொல்லாமல் இருப்பார்கள். நான் மட்டும் தினமும் காலையில் பால் பாத்திரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2

அன்றிலிருந்து ஆலமரம் தேட ஆரம்பித்தேன். மகள் நிலாவை முகப்பேர்ப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வேனில் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரில் ஒவ்வொரு தெருவாகச் சுற்றினேன். வேம்பு இருந்தது, பூவரசு இருந்தது, புங்கன் வேண்டிய மட்டும் இருந்தது. ஆலமரம் இல்லை. சேக்காட்டுப் பக்கம் ஒன்று இருப்பதாக மல்லிகா அக்கா சொன்னார். அதன் அடியில் ஒரு டீக்கடை. என் கணவர் பாபு போய்க் கேட்டார். மேலே அதைத் தொங்கவிட்டால் கீழே எவன் வடை தின்பான் என்று கடைக்காரர் கேட்டாராம். நியாயமாகத்தான் பட்டது.

இடையில் என் அம்மா சிங்கப்பூரிலிருந்து காணொளியில் வந்தார். ஐந்து வயது நிலா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மம்மா, எங்க ஊட்ல செவல கன்னுக்குட்டி போடப் போவுது. வயிறு இம்மாம் பெருசு கீது. ஆயா ஊர்ல இல்ல, அம்மா பேஜார் ஆயிகினு கீறாங்க."

திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"இவ என்ன பேசுறா? ஒனக்குப் புரியுதா?" என்றார் அம்மா, என்னிடம்.

அங்கே நம் பிள்ளைகள் தமிழை விட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று சிங்கப்பூர் வாசகர்களான நீங்கள் எழுதுவதைப் படிக்கிறேன். என் பிள்ளை என்னை விட்டுத் தமிழுக்குள்ளேயே வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறாள். நான் பள்ளியில் கற்ற தமிழில் லிஃப்டை "மின்தூக்கி" என்று சொன்னால் 'அது இன்னாமா' என்கிறாள். திருத்தலாமா, விட்டுவிடலாமா என்று தினமும் யோசிக்கிறேன். திருத்தினால் தெருவில் விளையாடும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். விட்டால் என் அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார வேண்டும். இதுவரை விட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

ஊரோடு ஒட்டிக்கொள்வதில் நிலாவுக்கு அடுத்தபடி செவலைதான். வெளிநாட்டுக்காரி இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான என் அட்டைக்கு எத்தனை நகல், எத்தனை புகைப்படம், 'காது தெரியவில்லை, வேறு படம் எடுத்து வாருங்கள்' என்று எத்தனை நடை! அதற்குள் கால்நடை மருத்துவர் ஒரு நாள் வந்து, செவலையின் காதில் எண் போட்ட மஞ்சள் வில்லையை ஒரே அழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். அதற்குக் காது தெரிந்ததுதான் வசதியாகப் போயிற்று.

ஆலமரத்தைக் கண்டுபிடித்ததும் நிலாதான். போகிக்கு இரண்டு நாள் முன்பு நான் மல்லிகா அக்காவிடம் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "யாழினி ஊட்டாண்ட கீதே" என்றாள். யாழினி அவளோடு அதே வேனில் போகிறவள். அடுத்த தெரு அடுக்ககத்தில் வீடு. வேனுக்காக நிற்கும் சாக்கில் மறுநாள் மதில் வழியே எட்டிப் பார்த்தேன். பளபளவென்று சின்ன இலைகள், கிளையிலிருந்து நூல் நூலாக இறங்கும் விழுது. பார்த்ததும் மனம் குதித்தது. சிங்கப்பூரில் எங்கள் புளோக் வாசலில், சீனர்களின் சிவப்புத் தகரச் சாமி மாடத்துக்குப் பின்னால் நின்றதே, அச்சு அசலாக அந்த மரம். அப்பா அதை ஆலமரம் என்றுதான் சொல்வார். மார்க்கெட்டிலிருந்து வரும்போது பைகளைக் கீழே வைத்துவிட்டு, 'ஆலமரத்தடியில ரெண்டு நிமிஷம்' என்பார்.

3

செவலை மாட்டுப் பொங்கலையே தேர்ந்தெடுத்தது. விடிந்தும் விடியாததுமாகக் கத்த ஆரம்பித்தது. பாபுவின் அலுவலகம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கானது. அவர்களுக்குப் பொங்கல் கிடையாது. மாடியில் ஏதோ அவசரக் கூட்டத்தில் இருந்தவர், செவலை கத்தும்போதெல்லாம் ஒலியை அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு முறை தவறிவிட்டது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள் துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறீர்களா என்று கேட்டாராம்.

மல்லிகா அக்கா வந்து சேர்ந்தபோது நான் இரண்டு கையிலும் கையுறையோடு, பக்கத்தில் வெந்நீர், துண்டு, கிருமிநாசினி, மருத்துவரின் எண் திறந்தபடி இருந்த போன் ஆகியவற்றோடு நின்றேன்.

"இன்னா டாக்டரம்மா, ஆபரேஷனா?"

"அக்கா, முன்னங்கால் தெரிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சு. மருத்துவரை அழைக்கட்டுமா? இது இயல்பானதுதானா?"

"நியூஸ் படிக்கிற மாரி பேசாதமே. அது பாட்டுக்குப் போடும். நீ ஓரமா குந்து. ஒன்னப் பாத்தா அதுக்கே பயம் வந்துரும்."

உட்கார்ந்தேன். நிலா வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். இதை ஐந்து வயதுப் பிள்ளை பார்க்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. நனைந்த சிவப்புத் துணி போல இருந்தது. செவலை திரும்பி நக்கத் தொடங்கியதும் அந்தத் துணி தும்மியது.

"கெடேரி! பொட்டப்புள்ள!" என்று மல்லிகா அக்கா கத்தியதில் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர் கூடக் கைதட்டினார். நான் அழுதுவிட்டேன். நிலா என் முகத்தைப் பார்த்து, "இன்னாத்துக்குமா அழுவுற? நல்லாத்தானே கீது?" என்றாள்.

அதன்பின் இளங்கொடிக்காகக் காத்திருந்தோம். அது லேசில் விழவில்லை. காலையெல்லாம் விழவில்லை. வாசலில் சாமியானாக் கம்பங்கள் இறங்கின. கரும்பு வந்தது. யார் யாரோ பானை எங்கே, விறகு எங்கே என்று கேட்டார்கள். நான் கொட்டகையை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் நாய், இன்னொரு பக்கம் காக்கை, நடுவில் தன்னுடையதைத் தானே தின்னப் பார்க்கும் செவலை என்று மூன்று பேரையும் குச்சியோடு விரட்டிக்கொண்டிருந்தேன். இடையில் மருத்துவரை அழைத்தும் விட்டேன். பொழுது சாயும்வரை பார்க்கலாம், பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்று சொல்லிப் பயம் போன ஆள் யாராவது இருக்கிறார்களா?

உச்சி வெயில் தாழ்ந்தபோது அது விழுந்தது. கோணிச் சாக்கில் வைக்கோல் போட்டு, அதில் சுற்றி, கயிற்றால் கட்டினோம். நான் அந்தச் சாக்கை இன்னொரு சாக்கில் போட்டு, அதை மூடியுள்ள நீல வாளியில் வைத்தேன்.

"இதுக்குப் பூட்டு ஒண்ணும் போட்ரு" என்றார் மல்லிகா அக்கா.

4

நான், மல்லிகா அக்கா, நிலா, வாளி. இந்த வரிசையில் அடுக்ககத்தின் கேட்டுக்குப் போனோம். காவலர் கையில் தட்டைக் கணினி இருந்தது. புது ஏற்பாடு. யார் வந்தாலும் அதில் பதிந்து, வீட்டுக்காரர் தம் போனில் சம்மதித்தால்தான் கேட் திறக்கும்.

"இன்னாமா பக்கெட்ல?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "இது வந்து… ஓர் இயற்கையான பொருள். கழிவு இல்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாத வகையில்…"

"மாட்டு எளங்கொடி நைனா" என்றார் மல்லிகா அக்கா. "மரத்துல கட்டணும். கேட்டத் தொற."

"தொறக்கலாம்க்கா. இதுல போடணுமே. எந்த ஊட்டுக்கு வந்துகீறீங்க?"

"ஊட்டுக்கு இல்ல. மரத்துக்கு."

காவலர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "மரத்துக்கு நம்பர் இல்லியே."

நிலா முன்னால் போய், "யாழினி ஊடுன்னு போடு" என்றாள். அவர் போட்டார். அடுத்து எதற்காக வந்தோம் என்று கேட்டது. சாப்பாடு, கொரியர், ரிப்பேர், விருந்தாளி என்று நான்குதான் இருந்தன. நீண்ட யோசனைக்குப் பின் இளங்கொடி விருந்தாளியாகப் பதிவாயிற்று.

யாழினியின் அம்மா சுதா கீழே வந்தார். வங்கியில் வேலை, கோயம்புத்தூர்ப் பக்கம். அந்த அடுக்ககச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளின் தோழி வீட்டில், முதல் முறையாக, இப்படி ஒரு வாளியோடு போய் நிற்கிறேன்! விஷயத்தைச் சொன்னேன். எனக்குக் காது சுட்டது.

அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "நானா மட்டும் சரின்னு சொல்ல முடியாதுங்க. நாளைக்கு வாசம் வந்தா என்னையத்தான் கேப்பாங்க. குரூப்ல கேட்டர்றேன், ஒரு அஞ்சு நிமிஷம் இருங்" என்று தட்டச்சு செய்தார்.

நாங்கள் காவலரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றோம். நான் வாளியைப் பார்த்தேன். வாளியை ஓர் ஈ பார்த்தது. சுதாவின் போன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை.

"ஒருத்தர் வேண்டாம்ங்கறார். பசங்க ஊஞ்சல் பக்கத்துல இருக்குதாம்" என்று படித்தார் சுதா. "அதும் நாயந்தான். பி பிளாக்ல ஒருத்தர், அவங்க ஊர்ல குழி வெட்டிப் பொதைப்பாங்களாம், அதுதான் மொறைங்கறார். இன்னொருத்தர் ஆத்துல உடோணும்ங்கறார். அதுக்கு பி பிளாக்காரரு, இங்க ஆறு எங்க இருக்குதுன்னு கேக்கறார். அட, கூவத்தச் சொல்றார் போல."

"கூவத்துலயா?" என்றார் காவலர். "மாட்டுக்குப் பாலு வந்தா மாரிதான்."

"மாடிப் படியே ஏறாத ரிட்டயர்டு சார் ஒருத்தர், தான் வந்து முடிச்சுப் போட்டுத் தர்றேங்கறார். அவுங்களுக்கு எருமை இருந்துச்சாம்." சுதா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப யாருமே வேண்டாம்னு சொல்லலீங்க. எங்க கட்டறதுன்னுதான் சண்டை."

கடைசியில் முடிவானது: ஊஞ்சல் பக்கம் வேண்டாம், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நீண்டிருக்கும் கிளையில், நாய்க்கு எட்டாத உயரத்தில், இரட்டைச் சாக்கோடு. இரட்டைச் சாக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னபோது எனக்குள் சின்னதாக ஒரு கர்வம். மல்லிகா அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

காவலரின் நாற்காலி மேல் ஏறி நானே கட்டினேன். மல்லிகா அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கயிற்றை இழுத்தபோது ஒரு சின்னக் கிளை ஒடிந்து, கையுறைக்கு மேலே மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ வடிந்தது. பிசின் போல ஒட்டியது. தேய்த்தால் போகவில்லை. இறங்கியதும், மரத்தின் பால் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று போனில் தேடினேன். சிலருக்கு அரிக்கலாம் என்று போட்டிருந்தது. உடனே அரித்தது.

கிளம்பும்போது சுதா தயங்கித் தயங்கி, "சீம்பால் காச்சுவீங்களா? ஒரு கிண்ணம் கெடைக்குங்களா?" என்றார்.

"சாயங்காலம் வாங்க. அரிசி ஒரு பிடி கொண்டுவாங்க" என்றேன். அத்தை சொல்வது போலவே சொல்லியிருக்கிறேன் என்பது பாதித் தெரு நடந்த பிறகுதான் உறைத்தது.

5

சாயங்காலம் அடுக்ககமே வந்துவிட்டது. 'முடிச்சுப் போட்டுத் தருகிறேன்' என்ற பெரியவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து எங்கள் இன்னொரு மாட்டின் கொம்புக்கு நீலச் சாயம் அடித்தார். தன் சட்டைக்கும் அடித்துக்கொண்டார். பிள்ளைகள் கன்றைச் சுற்றி நின்றார்கள். நிலா நடுவில் நின்று, "தொடக்கூடாது, அதுக்கு இன்னைக்குத்தான் பர்த்டே" என்று எல்லாரையும் ஒழுங்குபடுத்தினாள். பிடி அரிசிகள் விழுந்து விழுந்து, பானை போதாமல் இரண்டாவது பானை ஏற்றினோம். கன்று வயிறு முட்டக் குடித்த பிறகுதான் சீம்பால் கறக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதால் கிண்ணத்துக்கு இரண்டு கரண்டிதான் வந்தது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்ததை யாரும் குறை சொல்லவில்லை.

பால் பொங்கி, 'பொங்கலோ பொங்கல்' என்று எல்லாரும் கத்தி ஓய்ந்தபோது திருத்தணியிலிருந்து அத்தை காணொளியில் வந்தார். அவர் மடியிலும் ஒரு துணிப் பொட்டலம். நாத்தனாருக்கும் பெண் குழந்தை. இங்கேயும் கிடேரிதான் என்றேன்.

"ரெண்டும் பொட்டையா! சோக்கா போச்சு!" என்று சிரித்தார். "எளங்கொடி?"

"கட்டியாச்சு அத்தை. ஆலமரத்துல."

"எங்க கெடச்சுது ஆலமரம்? காட்டு."

சுதா சங்கக் குழுவில் போட்டிருந்த படத்தை நீட்டினார். பாபு அதை அனுப்பி வைத்தார். அத்தை போனைக் கண்ணருகே கொண்டுபோனார். திரை முழுவதும் அவர் நெற்றிப் பொட்டு மட்டும் தெரிந்தது.

"இது ஆலமரமில்லியே" என்றார்.

என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். சுதா படத்தை மறுபடி பார்த்தார். நீலச் சட்டைப் பெரியவர், "நானும் அதான் நெனச்சேன்" என்று முணுமுணுத்தார். மல்லிகா அக்கா கூட அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினார்.

"எங்க ஊர்ல இதத்தான் அத்தை ஆலமரம்னு சொல்லுவோம்" என்றேன். "எங்க புளோக்குக்குக் கீழ நிக்கும். அப்பா அப்படித்தான்…"

"இலை சிறுசா கீது பாரு. ஆலம் எல இம்மாம் பெருசு இருக்கும். இது ஷோவுக்கு வெக்கிறது."

அத்தை கோபமாகப் பேசவில்லை. கவலையாகப் பேசினார். அது இன்னும் மோசம். சாமியானாவுக்கு அப்பால் இருட்டத் தொடங்கியிருந்தது. போய் அவிழ்த்துவிடலாமா? அவிழ்த்து எங்கே கொண்டுபோவது? மறுபடி கேட், மறுபடி விருந்தாளி. என்னை அறியாமல் மணிக்கட்டைச் சொறிந்தேன். பிற்பகலில் வெள்ளையாக ஒட்டியது இப்போது கறுத்துப் பொருக்காக இருந்தது.

"அத்தை, பால் வந்துச்சு."

"செவலைக்கா?"

"இல்ல, மரத்துக்கு. கட்டும்போது ஒரு கிளை ஒடிஞ்சது. வெள்ளையா வடிஞ்சது. பாருங்க, இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு." மணிக்கட்டைத் திரைக்கு நேரே பிடித்தேன்.

"பால் வந்துச்சா?"

"கையெல்லாம் ஆயிருச்சு. அரிக்குது."

அத்தை மணிக்கட்டை உற்றுப் பார்த்தார். மடியில் குழந்தை முனகியது. அதைத் தட்டிக்கொண்டே, "அப்ப இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? பால் வடிஞ்சா பால் மரம். உங்க ஊரு மரம்னுதான் கரீட்டா அங்க போய் மாட்டிகீற. கம்முனு பொங்கலத் துன்னு" என்றார். பிறகு, அழைப்பை நிறுத்தப் போனவர் மறுபடி திரும்பி, "அதுல ஒரு கொம்பு ஒடச்சினு வந்து நம்ம கொட்டாவுக்குப் பின்னாடி நட்டு வெச்சிரு. அடுத்த ஈத்துக்கு யாரு கேட்டாண்டயும் போய் நிக்க வேணாம்" என்றார்.

மல்லிகா அக்கா விறகை விட்டு நிமிர்ந்தார். "கேட்டுகினியா டாக்டரம்மா? நடறதுக்கு முன்னாடி அதுக்கும் ஒரு கையுறை போடு."

சுதாவிடம் கேட்டு, காவலர் கையால் இரண்டு கொம்பு வாங்கி வந்து நட்டேன். பிறகு அதன் வேர் சுவரைப் பிளக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, தள்ளி நட்டேன். தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்து இன்னும் தள்ளி நட்டேன். இவ்வளவு அலைக்கழித்தும் ஒன்று துளிர்த்துவிட்டது. செவலையின் பால் எப்படி என்று கேட்பீர்கள். குறையவில்லை. கூடியிருக்கிறதா என்று நான் அளந்து பார்க்கவில்லை, அளந்தால் மறுபடி ஒரு கவலை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புளோக்குக்குக் கீழே இறங்கும்போது, சிவப்பு மாடத்துக்குப் பின்னால் நிற்கும் அந்த மரத்தில் ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வரும். அப்பா சொன்னதில் பெயர் மட்டும்தான் தப்பு. இலை கிள்ளினால் அங்கே அபராதம் உண்டா என்பது மறந்துவிட்டது. எதற்கும் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிள்ளுங்கள்.